அர்த்தம் தெரியாத அறுபத்துநான்கு பிளேட்டுகள்

அன்றைக்கு மத்தியானம் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கல்லாவில் முதலாளி அண்ணாச்சி. பெஞ்சில் தந்தி ஆபீஸ் குமாஸ்தா; சாப்பாட்டு நேரத்தில் பாதியை எங்கள் கடையில்தான் கழிப்பார். அவருக்குப் பக்கத்தில் கடையநல்லூர் பாய். கைலி மூட்டையை விற்றுவிட்டு ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வாசற்படியில், பெட்டியைச் சுமந்து வந்த கூலியாள், காசு கைக்கு வராமல் நகரமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ஆள் நான். இவ்வளவு சுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தபோது நானும் அங்கனதான் இருந்தேன் என்று பின்னாளில் என்னிடமே சொன்னவர்களை வரிசையாக நிறுத்தினால் சங்கரன்கோவில் தெற்கு ரத வீதி கொள்ளாது.

எங்களுடையது கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் மைக் செட்டு வாடகைக்கு விடுகிற கடை. ஜமக்காளமும் காஸ் லைட்டும்கூட உண்டு என்றாலும் பேர் வாங்கித் தந்தது மைக் செட்டுதான். சாவி கொடுத்துச் சுற்ற வைக்கும் கிராமபோன், அதிலிருந்து ஒரு வயர், ஆம்பிளிஃபயர், கார் பேட்டரி, மரத்தில் கட்டுகிற இரண்டு ஒலிபெருக்கிக் குழாய். இதை ஓட்டுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்கள் தெரியும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மாசம் பதினெட்டு ரூபாய். கவலைப்படுவதற்கும் சம்பளம் உண்டென்றால் அந்த வீதியிலேயே மச்சு வீடு கட்டியிருப்பேன். சாவி கொடுக்கையில் ஸ்பிரிங் அறுந்துவிடுமோ, மரத்தில் ஏறுகையில் குழாய் விழுந்து யார் தலையிலாவது படுமோ, பேட்டரி நடுவில் இறங்கிவிடுமோ என்று நினைத்து நினைத்தே கல்யாணச் சாப்பாடு எனக்கு ஒரு நாளும் ருசித்ததில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெரிய கல்யாணம் பேசி வைத்திருந்தோம். பெண் வீட்டார் முன்பணமாக ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தார்கள். கிராமபோன் பிளேட்டெல்லாம் புதுசாக இருக்க வேண்டும், நாலு வருஷம் தேய்ந்ததைப் போட்டால் மீதியைக் கேட்கக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வாசுதேவநல்லூரிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு தகவல் வந்தது. மேலே மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார துரை, ஊரைப் பார்க்கப் புறப்படுகையில் ஒரு பெட்டி நிறையப் பிளேட்டுகளைத் தன் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். சமையல்காரர் அதைப் பெட்டியோடு நாற்பத்தைந்து ரூபாய்க்குத் தருகிறாராம். அந்தப் பணத்துக்குக் கடையில் போனால் பதினைந்து பிளேட்டு வாங்குவதே கஷ்டம்.

"நீ போயிட்டு வாலே. நல்லாப் பாத்து வாங்கு. சந்தேகப்படுததுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது" என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார்.

நானும் சந்தேகப்பட்டேன். சமையல்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நகத்தால் விளிம்பைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓட்டைச் சட்டி மாதிரி மந்தமாகக் கேட்கும். நல்ல பிளேட்டு மணியாகச் சொல்லும். ஒரு மணி நேரம் இதையே செய்தேன்.

"பிளேட்டு வாங்க வந்தீரா, பானை வாங்க வந்தீரா வே?" என்றார் சமையல்காரர்.

அறுபத்துநான்கும் பழுதில்லை. நாற்பத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அதற்குள் என்ன பாட்டு இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பிளேட்டு என்றால் பாட்டு. பாட்டு என்றால் ஒன்று சாமிப் பாட்டு, இல்லையென்றால் சினிமாப் பாட்டு. மூன்றாவதாக ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பஸ் கூரையில் வைத்தால் வெயிலில் பிளேட்டு அப்பளமாக வளைந்துவிடும். அதனால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். புளியங்குடியில் பஸ் மாறி மறுபடி மடியில் வைத்தேன். கண்டக்டர் பெட்டிக்கு அரை டிக்கெட் போட்டார். சங்கரன்கோவிலில் இறங்கியபோது இரண்டு தொடையும் மரத்துப்போய், கூலியாளைக் கூப்பிடாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

இப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் ஐந்து பேர் முன்னால் வந்து இறங்கியது.

அண்ணாச்சி மேலாக இருந்த பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். நான் புது ஊசி மாட்டி வைத்தேன். முதலில் ஒரு ரீங்காரம் வந்தது. பிறகு நாதசுரத்தையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினது மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, நிற்காமல், மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"என்னலே இது?" என்றார் அண்ணாச்சி.

"பையில காத்தை அடைச்சு ஊதுவாங்க. வெள்ளைக்காரப் பட்டாளத்துல உண்டு" என்றார் குமாஸ்தா. அவர் இங்கிலீஷ் படித்தவர்.

"காத்தை அடைக்கட்டும். பாட்டு எப்ப வரும்?"

பாட்டு வரவே இல்லை. இரண்டாவது பிளேட்டில் ஒரு கம்பி வாத்தியம், வாழைப்பழத் தோலில் கால் வைத்தவன் மாதிரி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி வழுக்கிப் போனது. மூன்றாவதில் ஒரு பெண் இந்துஸ்தானியில் ஒரே வரியைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். யாரோ பதில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நாலாவதைப் போட்டதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அரபு.

"பாய், உங்க பாஷையில்லா ஓடுது. என்ன சொல்லுதான்?" என்று கேட்டார் குமாஸ்தா.

"எங்க பாஷை தமிழ்தான் சார். அரபு ஓதத் தெரியும். அர்த்தம் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைத்தான் கேக்கணும்." கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஓதுதது இல்ல இது. ஓதும்போது நடுவுல எவனாவது பிடில் வாசிப்பானா? இது ஏதோ காதல் சமாச்சாரம்." பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தரம் வையி தம்பி" என்றார்.

துரை உலகச் சண்டைக் காலத்தில் எகிப்தில் இருந்தவர் என்று சமையல்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குமாஸ்தா மீதிப் பிளேட்டுகளின் லேபிளை ஒவ்வொன்றாக வாசித்துக் கீழே வைத்தார். வங்காளி. மராட்டி. இங்கிலீஷ் டான்ஸ். இங்கிலீஷ். பேண்டு வாத்தியம். மறுபடி இங்கிலீஷ். தமிழ் ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் கையில் கிடைத்த ஒரு பிளேட்டை வைத்து ஊசியை இறக்கினேன். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

"ஏலே, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. பொண்ணு வீட்டுக்காரன் குடுத்த முன்பணத்தை ஆட்டுச் சத்தத்துக்குக் குடுத்துட்டு வந்திருக்கே. சுண்டிப் பாத்தானாம், சுண்டி. உன் மண்டையைச் சுண்டிப் பாத்திருக்கணும் நான். அந்தக் கல்யாணம் மட்டும் கெட்டுதுன்னு வையி, நீ அப்படியே உங்க வீட்டைப் பாக்கப் போயிரு. இங்கன வராதே. உன்னை மாதிரி ஒரு..."

அந்த இடத்தில் பிளேட்டு சிரித்தது. ஒரு ஆம்பிளைக் குரல். முதலில் அடக்கிக்கொண்டு சிரித்தது. பிறகு அடக்க முடியாமல் வெடித்தது. கூட ஒரு பெண்பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். அண்ணாச்சி பேச்சை நிறுத்தினால் அதுவும் மூச்சு வாங்கியது. அவர் வாயைத் திறந்தால் அது மறுபடி தொடங்கியது. சிரிப்பதைத் தவிர அந்தப் பிளேட்டில் வேறொன்றும் கிடையாது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. வாசற்படியில் இருந்த கூலியாள்தான் முதலில் தாங்கமாட்டாமல் போனார். அடுத்து பாய். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கடைசியில் அண்ணாச்சி கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. வேலை போகிறவன் எப்படிச் சிரிப்பான்?

"கூலி கிடக்கட்டும் அண்ணாச்சி, அதை இன்னொருக்கப் போடச் சொல்லுங்க" என்றார் கூலியாள்.

சிரித்து முடித்ததும் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னது சொன்னதுதான். கல்யாணம் கெட்டா நீ வீட்டுக்கு" என்றார்.

பெட்டியின் அடியில் கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகம் கிடந்தது. துரையின் பேரேடு என்று நினைத்து, வாங்கும்போது நான் அதைத் திறக்கவில்லை. இப்போது திறந்தால் தாளுக்குப் பதிலாகப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பெரிய பிளேட்டு. ஐந்து பிளேட்டு. "ஆல்பம்" என்றார் குமாஸ்தா. ஆல்பம் என்றால் போட்டோ ஒட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். ஒரே பாட்டை ஐந்து பிளேட்டுக்கு நீட்டி வைத்திருக்கிறார்கள் என்றதும் அண்ணாச்சி, "அவனுக்கு வேற சோலி கிடையாதா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த நாலு நாளும் அண்ணாச்சி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிற அந்த இரண்டு மணி நேரத்தில் நானும் குமாஸ்தாவும் பெட்டியைக் கேட்டுத் தீர்த்தோம். பாயும் ஒரு நாள் வேலை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு வந்தார். கையில் மூட்டை இல்லை. நான் கேட்டது ஆசையால் அல்ல, பயத்தால். எந்தப் பிளேட்டு எப்படிக் கத்தும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கு எங்கேயாவது மானம் போகும். கேட்கக் கேட்க, பயம் எந்த இடத்தில் ஆசையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

வங்காளிப் பிளேட்டு ஒன்றில் ஒரு ஆள், வாத்தியம் அதிகமில்லாமல், ஆற்றின் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு யாரையோ கூப்பிடுவது போலப் பாடினார். நான் ஆறு என்று பார்த்ததெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர்தான். அந்தக் குரலில் அக்கரை தெரியவில்லை. சாரங்கி என்ற வாத்தியம் அழுவது மாதிரி இருந்தது, ஆனால் பெரிய மனுஷன் வீட்டு அழுகை, சத்தம் வெளியே போகாமல். இங்கிலீஷ் டான்ஸ் பிளேட்டுகளைக் கேட்டால் சைக்கிள் பெடல் தானாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். மராட்டிப் பாட்டுக்காரர் மேலே மேலே ஏறிக்கொண்டே போவார், எனக்கு மரத்தில் குழாய் கட்டுகிற நினைப்பு வந்து மேஜையைப் பிடித்துக்கொள்வேன். அவர் விழாமல் இறங்கிவிடுவார்.

லேபிள் வாசிக்கத் தெரியாததால் ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் ஒரு படம் போட்டேன். காற்றுப்பைக்கு ஆடு. வங்காளிக்கு ஓடம். வழுக்குகிற கம்பிக்கு வாழைப்பழம். இந்துஸ்தானிப் பெண்ணுக்கு ஜன்னல். அரபுக்கு என்ன போடுவது என்று பாயிடம் கேட்டேன். "பேரீச்ச மரம் போடு. நான் பாத்தது இல்ல, ஆனா அதுதான் பொருத்தம்" என்றார். சிரிப்புப் பிளேட்டுக்குப் பல். எனக்குத் தெரிந்து முப்பத்திரண்டு பல்லையும் வரைந்தேன்.

ஆல்பத்துக்குப் படம் ஒன்றும் தோன்றவில்லை. அதைத்தான் அதிக தரம் கேட்டோம். முதல் பிளேட்டின் முதல் பக்கம் கோவில் நடை திறப்பது போல மெதுவாகத் தொடங்கும். பத்து, ஐம்பது, நூறு பிடில் ஒன்றாகச் சேரும். பக்கம் முடிந்ததும் பிளேட்டைத் திருப்பிப் போடுவேன். உடனே முரசும் எக்காளமும் இடியாக இடித்து, எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி நின்றுவிடும். இரண்டாவது பிளேட்டு மறுபடியும் நிதானமாக வரும். ஐந்தாவதுக்குப் போகும்போது யாரோ தனியாக உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி, முடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஓய்ந்துபோகும்.

"வெள்ளைக்காரன் முடிவை முதல்லயே சொல்லிட்டு, பிறகு ஒக்காந்து யோசிக்கான்" என்றேன்.

"அவன் வழக்கம் அதுதான்" என்று குமாஸ்தாவும் ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாட்டு வண்டியில் மைக் செட்டை ஏற்றினேன். அண்ணாச்சி கடையில் இருந்த பழைய பிளேட்டுகளில் தேய்மானம் குறைந்தவற்றைப் பொறுக்கித் தந்தார். பெட்டியை நான் அவருக்குத் தெரியாமல் வைக்கோலுக்குள் வைத்தேன். கடையில் விட்டுவிட்டுப் போனால் கோபத்தில் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுவாரோ என்று பயம்.

கரிவலத்தில் வேப்பமரத்தில் குழாய் கட்டி முடிக்கையில் சாயங்காலமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மைக் செட்டுக்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் பாடத் தொடங்கிவிட்டால் சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை, தூங்குகிற நேரம் தவிர, குழாய் ஓயக்கூடாது. கல்யாண வீட்டில் குழாய் திடீரென்று நின்றால் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள், யாரோ விழுந்துவிட்டார்கள், துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு தரம் வேறு ஊரில் பேட்டரி இறங்கிப்போய், அரை மணி நேரத்தில் நாலு பேர் மாலையோடு வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளையார் பாட்டை வைத்துச் சாவி கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் வேகமாக வந்தார். மேலநீலிதநல்லூர்க்காரர், மேடைகளில் பகுத்தறிவு பேசுகிறவர்.

"ஏ மைக் செட்டு, நிறுத்துவே அதை. சாமிப் பாட்டு ஒண்ணு போட்டாலும் எங்க ஆளுக இந்தப் பந்தலுக்குள்ள காலை வைக்கமாட்டாங்க."

எடுத்துவிட்டு அவசரமாக ஒரு சினிமாப் பிளேட்டை வைத்தேன். பல்லவி முடிவதற்குள் பெண்ணின் அப்பா வந்தார். கோவில் காரியங்களில் முன்னால் நிற்கிற பெரிய மனுஷர்.

"என்னய்யா, என் வீட்டு வாசல்ல கொட்டகைப் பாட்டா? கட்டிப்பிடி ஒட்டிப்பிடின்னு இன்னொண்ணு பாடுச்சு, குழாயைக் கழத்திக் கிணத்துல போட்டுருவேன்."

"அப்ப சாமிப் பாட்டுப் போடவா ஐயா?"

"போடு."

"போட்டுப் பாரு" என்றார் மாப்பிள்ளையின் அண்ணன், அவருக்குப் பின்னாலிருந்து.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி சண்டையை நேராகப் போட முடியாதல்லவா, என் வழியாகப் போட்டார்கள். என் கையில் இருந்த பிளேட்டுகளில் பாதி சாமி, பாதி சினிமா. இதில் இதைக் கழித்து அதில் அதைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. குழாய் ஓய்ந்துவிட்டது. சமையல் பக்கத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து, "என்னாச்சு? ஏன் பாட்டு நின்னுட்டு? யாருக்கு என்ன?" என்று மாரில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். முன்பணம் போச்சு, மீதி போச்சு, வேலை போச்சு. என் கை தானாக வைக்கோலுக்குள் போனது.

ஓடத்தை எடுத்து வைத்தேன்.

அந்த வங்காளி ஆள் வேப்பமர உச்சியிலிருந்து கரிவலத்துக் கண்மாயைப் பார்த்துக் கூப்பிட்டார். ஊர் முழுக்க அது போனது. கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். "இது சினிமாப் பாட்டாடே?"

"தெரியாது ஐயா."

மாப்பிள்ளையின் அண்ணன், "சாமிப் பாட்டு இல்லையே?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா சரி" என்றார் அவர். "தெரியாதுன்னா எனக்கும் சரி" என்றார் இவர். இரண்டு பேரும் இரண்டு திசையில் போனார்கள்.

அதன்பிறகு எனக்கு ஓய்வில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. காற்றுப்பைக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. வண்டி மாடு உட்பட எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. டான்ஸ் பிளேட்டுக்குப் பந்தல்காரர்கள் தோரணம் கட்டினார்கள். மறுநாள் காலையில் ஆட்கள் வந்து உறையைப் புரட்டிப் பார்த்து, "அந்த ஆட்டைப் போடும்", "வாழைப்பழம் ஒண்ணு" என்று காபிக் கடையில் கேட்கிற மாதிரி கேட்டார்கள். பல் படத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு மட்டும் அது கீறல் விழுந்தது என்று பொய் சொன்னேன். தாலி கட்டுகிற நேரத்தில் அது சிரித்தால் என்னைக் கட்டி வைத்துவிடுவார்கள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. பந்தி நீளமானது, ஆல்பத்தை எடுத்தேன். முதல் பிளேட்டு, முதல் பக்கம். திருப்பினேன். முரசு இடித்தது. பச்சடி பரிமாறுகிறவர் ஒரு கணம் தயங்கி நின்றார். அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து என்னை நோக்கி வந்தார். மீசைக்காரர், முதுகு வளையாத மனுஷர். பாதிச் சாப்பாட்டில் கையைக்கூடக் கழுவாமல் வந்தார்.

"எவம்லே சொல்லித் தந்தான் உனக்கு? பத்தாவதை ரெண்டாவதாப் போடுதே."

"திருப்பிப் போட்டேங்க. முன்பக்கம் முடிஞ்சா பின்பக்கந்தானே."

"புஸ்தகம்னு நினைச்சியா? லேபிளைப் பாரு. ஓரத்துல என்ன நம்பர் போட்டிருக்கு?"

லேபிளில் நாலைந்து எண்கள் இருந்தன. கம்பெனிக் கணக்கு என்று நான் அதுவரை கவனிக்கவில்லை. அவர் எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கை விரலால் காட்டினார். முதல் பிளேட்டில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பத்து. அடுத்ததில் இரண்டு, ஒன்பது.

அவர் பட்டாளத்து பேண்டில் இருபது வருஷம் கிளாரினெட் வாசித்தவர். ஆபீசர்கள் சாப்பிடுகிற கூடத்தில் ஒரு கிராமபோன் உண்டாம். ஐந்து பிளேட்டையும் அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே மேலே விழுமாம். ஐந்தும் முடிந்த பிறகு மொத்தமாக ஒரே திருப்பு. அந்த மிஷினுக்காகப் போட்ட பிளேட்டு இது.

"எடு. ரெண்டாவது பிளேட்டைப் போடு. பின்பக்கம் போவாதே. அஞ்சு வரைக்கும் முன்பக்கமே போ, பிறகு திரும்பி வா."

கையைக் கழுவிவிட்டு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு அண்டாமேல் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பிளேட்டாகச் சாவி கொடுத்து, ஊசி மாற்றி, வரிசை தப்பாமல் வைத்தேன். நாலு நாளாகக் கேட்ட அதே சத்தங்கள்தான். ஆனால் இப்போது ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது. தனியாக உட்கார்ந்து யோசித்தவன் நடுவழியில்தான் உட்கார்ந்திருந்தான். யோசித்து எழுந்து மெல்ல நடந்து, பிறகு ஓடி, எட்டு, ஒன்பது என்று போய்ப் பத்தில் அந்த முரசு விழுந்தபோது என் மயிர்க்கால் எல்லாம் நின்றது. தாய்மாமன் அண்டாவில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, மீசையைத் துடைத்தார். மூன்றாவது பந்தி பாயசத்தில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

"இதை எனக்குத் தா. இருபது ரூபா" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மீதிப் பணம் வாங்க வந்து சேர்ந்தார். பெண்ணின் அப்பா முழுப் பணத்தையும் கொடுத்து, அடுத்த மாசம் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும், "சண்டை வராத இதே பிளேட்டோட" வரச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி வாயெல்லாம் பல். என் தோளில் தட்டி, "நீ இங்கனயே இருலே, வீட்டுக்கெல்லாம் போவாதே" என்றார். இருபது ரூபாய் என்று கேட்டதும் அந்தப் பல் இன்னும் விரிந்தது.

"குடுத்துருலே. அஞ்சு பிளேட்டுக்கு இருபது. பெட்டி வாங்கின காசுல பாதி வந்துட்டு."

"தரமாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை அவரிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. இப்போது நிச்சயம் வேலை போகும் என்று காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

அண்ணாச்சி என்னையும் தாய்மாமனையும் மாறி மாறிப் பார்த்தார். "பிளேட்டு யாருடையது?"

"உங்களுது."

"பிறகு நீ என்ன தரமாட்டேங்குத?"

தாய்மாமன்தான் பேசினார். "அவன்கிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. எங்கிட்ட கிராமபோன் கிடையாது. நான் மாசம் ஒருதரம் சங்கரன்கோவிலுக்கு வாரேன், கோமதியம்மனைக் கும்பிட்டுட்டு உங்க கடையில வந்து கேட்டுக்கிடுதேன். ஆனா வரிசை மாத்திப் போட்டான்னா பிளேட்டைத் தூக்கிட்டுப் போயிருவேன்."

"அப்ப நீயே வாங்கிக்கலே. அதே இருபது. மாசம் ஒரு ரூபா சம்பளத்துல பிடிச்சுக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. மலிவாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

தாய்மாமன் சொன்னபடி வந்தார். பாயும் குமாஸ்தாவும் அந்த நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு வந்தார்கள். வரிசைப்படி ஒருதரம் கேட்போம். அவர் பஸ் ஏறின பிறகு, பழைய பழக்கத்துக்கு, எங்கள் வரிசையில் ஒருதரம் கேட்போம். பாய்க்கு அதுதான் பிடிக்கும். "முரசு முன்னாலயே அடிச்சிட்டா மனசுக்கு ஒரு தைரியம்" என்பார்.

அண்ணாச்சி பன்னிரண்டு மாசம் ஒவ்வொரு ரூபாயாகப் பிடித்தார். பதின்மூன்றாம் மாசம் என் தங்கைக்கு வளைகாப்பு. எட்டணா போதும் என்றார். அதற்கு அடுத்த மாசமே கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டு மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மீதியை எடுத்துக்கொண்டு ஒருதரம் மதுரைக்கே போனேன். வாங்கவில்லை.

"அஞ்சுல ஒண்ணு உடைஞ்சா வந்து சொல்லு, அன்னைக்கு வாங்கிக்கிடுதேன். உடையாத சாமானுக்கு என்னத்துக்கு அவசரம்?" என்றார்.

ஐந்தும் இன்றுவரை உடையவில்லை. வாரத்துக்கு ஒருதரம் சுண்டிப் பார்க்கிறேன். அண்ணாச்சிக்கு நான் தரவேண்டியது ஏழு ரூபாய் எட்டணா.